பூட்டுப் போட்ட கம்ப்யூட்டரும் ரவாவின் வாலும்

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். சாயங்காலம் மழை வருகிற மாதிரி வந்து, தெருவை நனைத்துவிட்டு சேத்துப்பட்டுப் பக்கம் போய்விட்டது. ஓடி ஓடித் துணி எடுத்தது வீண்.

இன்று மானம் போன நாள். ஒரு வருஷம் கழித்துப் படித்துச் சிரிக்கலாம் என்று எழுதி வைக்கிறேன். (இப்போதே சிரிப்பு வருகிறது, அது வேறு.)

கல்யாணப் பார்ட்டி வந்தார்கள். பெண், பெண்ணின் அம்மா, ஒரு அத்தை. ஐப்பசி முகூர்த்தம். புடவை முந்தி டிசைன் பார்க்க. வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், நடு அறையில். நான் புடவை டிசைன் போடுவதும் அதில், என் பெண்கள் இருவரும் பள்ளிக்கூட வேலை என்று சொல்லிக்கொண்டு உட்காருவதும் அதில். மூவருக்கும் காப்பி கொடுத்து, மயில் முந்தியைத் திறக்கப் போகிறேன். சின்னவள் மதி காலையில் ஏதோ கேம் விளையாடி மூடாமல் விட்ட பக்கம் பின்னாலேயே காத்திருக்கிறது. மயில் வரவேண்டிய இடத்தில் ஒரு பெண் வந்தாள். நீச்சல் உடை. திரை முழுக்க. பாட்டோடு. மூடுகிற பொத்தானைத் தொடப் போனால் அது வேறு மூலைக்கு ஓடுகிறது.

முன்னறையில் தறிச் சத்தம் நின்றுவிட்டது. நெய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார்.

பெண்ணின் அம்மா நிதானமாகப் பார்த்துவிட்டு, "கலரு நல்லாத்தான் கீதும்மா. துணிதான் பத்தாது" என்றார்.

அத்தைக்குப் புரையேறி, காப்பி விசைப்பலகை மேல். பிளக்கைப் பிடுங்கினேன். மயிலைக் காட்டவே இல்லை. போனில் அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

முடிவு: நாளை பூட்டு. மதி மூன்றாம் வகுப்பு, எதைப் பார்த்தாலும் அமுக்குவாள். பெரியவள் யாழினி எட்டாவது. அவள் அமுக்கமாட்டாள், ஆனால் இப்போதெல்லாம் நான் பக்கத்தில் போனால் திரையை மாற்றுகிறாள். எனக்கு நீச்சல் உடையைவிட இதுதான் உறுத்துகிறது.

மற்றவை:
- தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் முடியப்போகிறது. கடைசிப் புடவை அறுத்த பிறகு மிச்சம் நிற்கும் இழையில் மதிக்கு ஒரு பாவாடை. பிள்ளையார் சதுர்த்திக்கு. பார்டர் டிசைன் யாழினி போடுகிறாளாம். முடிகிறவரை யாரும் பார்க்கக் கூடாதாம். சரி, தாயே.
- மதி வாசலில் ஸ்கிப்பிங். கூடவே புதுப் பாட்டு: "மூணு விடு, ரெண்டு கறுப்பு, ஆறு விடு, திருப்பு!" ஒரு மணி நேரம். தலைவலி. நிறுத்து என்றேன், மாடிக்குப் போய் ஆரம்பித்தாள்.
- தெரு நாய் ரவா மழையில் உள்ளே வந்து பாய் மேல் படுத்தது. வறுத்த ரவை நிறம் என்பதால் அந்தப் பெயர். விரட்டினேன் என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில். பிள்ளைகள் பள்ளிக்கு. நான் பூட்டுப் போட உட்கார்ந்தேன்.

வீடியோவில் ஒரு தம்பி சொல்லிக்கொடுக்கிறான். நல்ல பிள்ளை, மெதுவாகப் பேசுகிறான். முதலில் பிரவுசரில் பழையதையெல்லாம் துடைத்துவிடுங்கள் என்றான். எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துத் துடைத்தேன். பொங்கலுக்கு ஒட்டடை அடித்த மாதிரி ஒரு நிம்மதி. பிறகு பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு, எனக்குத் தனிக் கணக்கு.

அவர்களுக்குத் திறந்தவை: பள்ளிப் பாடப்புத்தகம். அகராதி. கலைக்களஞ்சியம். வானிலை.

மற்ற எதைத் தட்டினாலும் "பெரியவர்களிடம் அனுமதி கேட்கவும்" என்று ஒரு பக்கம் வரும். அதில் ஒரு பொத்தான். அமுக்கினால் என் போன் மணி அடிக்கும். நான் பார்த்து சரி என்றால் திறக்கும். ராணி மாதிரி இருக்கிறது.

கடவுச்சொல் போட்டேன். யாருக்கும் கண்டுபிடிக்க முடியாது. எழுத்தும் எண்ணும் கலந்து.

சாயங்காலம் இருவரையும் நிற்கவைத்து விளக்கினேன். மதி அழத் தயாராகி, பொத்தான் அமுக்கலாம் என்றதும் அழவில்லை. யாழினி மட்டும், "எல்லாமேவாம்மா பூட்டிட்ட?" என்றாள்.

"எல்லாமே."

கம்ப்யூட்டரை ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 13, புதன்

ராணிக்கு ஓய்வில்லை. சாயங்காலம் வந்த மனுக்கள்:

மதி – யானைக்கு முட்டி எத்தனை. சரி.
மதி – நாய் கனவு காணுமா. சரி.
மதி – பொம்மைக்கு அலங்காரம் செய்யும் கேம். கிடையாது.
யாழினி – கட்டம் வரையும் கேம். கிடையாது.
மதி – பொம்மை கேம். கிடையாது.
மதி – ஆக்டோபஸ். சரி.
மதி – பொம்மை கேம்.

இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு அனுப்புகிறாள்! நான் அடுப்படியில், போன் இடுப்பில், டிங் டிங். "ம்மா, ஒருவாட்டி சரின்னு போட்டா உன் கை இன்னா தேஞ்சிடுமா?"

சரி சொல்வதற்கு முன் நான் பார்க்க வேண்டுமல்லவா? பார்த்தேன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். தெரியவே தெரியாது. நாய் தூக்கத்தில் கால் உதைப்பது கனவில் ஓடுவதால் இருக்கலாமாம். அதையும் பார்த்தேன். ரசம் சுண்டிக் குழம்பாகிவிட்டது. இவர் தட்டைப் பார்த்துவிட்டு, "பூட்டு போட்டது அவங்களுக்கா, நம்ம சோத்துக்கா?" என்றார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கடவுச்சொல் காலி. இரண்டே நாள்!

கடையிலிருந்து வருகிறேன், இருவரும் என் கணக்கில் கார்ட்டூன். யார் சொன்னது என்று கத்தினேன்.

"நீதாம்மா" என்றாள் மதி. "நேத்து அடிக்க சொல்லோ கத்திகினே அடிச்சியே."

உண்மைதான். கல்யாணமான புதிதில் நான் கிராஃப் தாளைப் பார்த்துக் கட்டம் கட்டமாகச் சத்தமாகப் படிப்பேன், இவர் கேட்டுக்கேட்டு தறிக்கான ஜக்கார்டு அட்டையில் துளை குத்துவார். இப்போது அட்டை இல்லை. டிசைனை பென் டிரைவில் போட்டுத் தறி மேலிருக்கும் பெட்டியில் செருகினால் போதும். ஆனாலும் வாய் நிற்கவில்லை. எதை எண்ணினாலும், எதைத் தட்டினாலும் சத்தமாக வருகிறது. என் வயிற்றில் பிறந்த யாழினியும் அப்படியே, கணக்குப் பாடத்தைக்கூட வாயால்தான் போடுவாள். தெரு முழுக்கக் கேட்கும்.

முன்னறைக்குப் போனால், இவர் நெய்துகொண்டே என் கடவுச்சொல்லைத் தாளத்தோடு முனகிக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க! நீங்களுமா?"

"நல்லா கீது செல்வி. அடிக்கு அடி ஒத்து வருது."

புதிய கடவுச்சொல். வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு அடித்தேன். பாதியில் மதி எதிரே நின்று முகத்தைக் கோணினாள். சட்டை, திரை, எல்லாம் தண்ணீர். இரண்டாம் முறை கதவைச் சாத்திக்கொண்டு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். பிள்ளைகள் மிட்டாயோடு வந்தார்கள். கடைசி ஆடி வெள்ளி வேறு, படவேடு அம்மன் கோயில் பஸ் எல்லாம் மஞ்சள் புடவை, வேப்பிலை. அடுத்த வருஷமாவது போக வேண்டும்.

மத்தியானம் பேச்சுவார்த்தை. யாழினி வக்கீல் மாதிரி வந்தாள். வாரத்தில் ஒரு நாளாவது திறந்துவிட வேண்டுமாம்.

"சரி, ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம்."

"ஞாயித்துக்கிழமை நம்ம வூட்ல எப்ப லீவு உட்டாங்க? அன்னிக்கும் தறி ஓடுது, நீயும் டிசைன் போட்டுகினு உட்கார்ந்திருப்ப. எங்களுக்கு எப்ப கம்ப்யூட்டர் கிடைக்கும்?"

நியாயம். எங்களுக்கு அமாவாசைதான் லீவு. அன்று தறி ஏறக்கூடாது, நானும் டிசைன் தொடமாட்டேன். கடைசியில் ஒப்பந்தம்: தறி நிற்கிற நாள் பூட்டும் நிற்கும். பக்கத்தில் நான் இருக்க வேண்டும், அவ்வளவே. இவர் சாட்சி.

போய்ப் பூட்டின் அமைப்பில் தேடினால் திங்கள், செவ்வாய், புதன் என்று ஏழு நாள் இருக்கிறது. அமாவாசை இல்லை. இதைச் செய்தவர்கள் வீட்டில் தறி இல்லை போலிருக்கிறது. மாதாமாதம் நானே கையால் திறந்துவிட வேண்டியதுதான்.

அடுத்த அமாவாசை இருபத்திரண்டாம் தேதி. யாழினி விரல் விட்டு எண்ணினாள். "அது வரைக்கும் முடியாதாம்மா? ஒரே ஒரு வாட்டி? முக்கியமான வேலைம்மா."

"இன்னா வேலை?"

"சொல்லமாட்டேன்."

"அப்ப திறக்கமாட்டேன்."

ஆகஸ்ட் 18, திங்கள்

மேகம். கரண்ட் இரண்டு முறை போனது.

யாழினியிடமிருந்து மறுபடி அதே மனு. கட்டம் வரையும் கேம். ஐந்தாவதோ ஆறாவதோ. இல்லை என்று அமுக்கினேன். அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம், அவ்வளவுதான். மதி என்றால் சண்டைக்கு வருவாள். இவள் வருவதில்லை.

இவர் சொன்னார்: "இன்னான்னு கூப்ட்டு உக்காரவச்சு கேளேன்."

"கேட்டேன். சொல்லமாட்டேன்றா."

"அப்ப வுடு. பாவு முடியறதுக்குள்ள டிசைன் குடுப்பாளா, அதைக் கேட்டியா?"

கேட்டேன். அமாவாசைக்குக் கண்டிப்பாகத் தருகிறேன் என்றாள். தாளில் எதுவும் வரைகிற மாதிரி தெரியவில்லை. பயமாக இருக்கிறது என்று இங்கே எழுதினால் என்ன. என்னிடம் சொல்ல முடியாத எதையோ பதின்மூன்று வயதில் வைத்திருக்கிறாள். நானும் அந்த வயதில் வைத்திருந்தேன். அதனால்தான் பயம்.

கல்யாணப் பெண்ணின் அம்மா போன். மயில் முந்தி பிடித்ததாம். "இதுல துணி பத்தும்" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்கள் மறக்கப்போவதில்லை.

மதி – கோழி ஏன் பறப்பதில்லை. சரி.

ஆகஸ்ட் 21, வியாழன்

புடவை அறுத்தாயிற்று. மாம்பழ மஞ்சள், நன்றாக வந்திருக்கிறது. இழையில் மிச்சம் ஒரு பாவாடைக்கு நிற்கிறது, இவர் முழம் போட்டுப் பார்த்து, "மதி இன்னும் ஒரு இஞ்ச் வளர்ந்திருந்தா பத்தாது" என்றார். மதி உடனே குனிந்து நின்றாள்.

ஞாயிறு காலை பென் டிரைவ் வேண்டும். சதுர்த்தி புதன்கிழமை. திங்கள் அன்று புதுப் பாவு வருகிறது, அதைத் தறியில் பிணைக்க வரும் இழைகாரர் நமக்காகக் காத்திருக்கமாட்டார். யாழினி தலையாட்டினாள். "நாளைக்கு முடிச்சிடுவேன். வால் மட்டும்தான் பாக்கி."

என்ன வால் என்றால், சிரிக்கிறாள். பத்து நாளில் இன்றுதான் சிரிக்கிறாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அமாவாசை. தறி மேல் துணி போர்த்தி, வடை பாயசம்.

காலையில் மதி நாள்காட்டித் தாளோடு வந்தாள். அமாவாசை மத்தியானம்தான் தொடங்குகிறது, நாளை மத்தியானம்வரை இருக்கிறது என்று போட்டிருக்கிறதாம். ஆகவே நாளை மத்தியானம்வரை பூட்டு நிற்கவேண்டுமாம். இவளிடம் பஞ்சாங்கம் பார்க்கிற ஐயர் தோற்றார்.

நாலரைக்குப் பள்ளியிலிருந்து வந்ததும், பையைக் கழற்றாமல் யாழினி உட்கார்ந்தாள். திறந்துவிட்டேன். அந்தக் கட்டம் வரையும் பக்கம். நான் பின்னால் நிற்கிறேன், இன்று மறைக்கவில்லை.

வெறும் வெள்ளைக் கட்டங்கள்.

வெளியே போய் மறுபடி வந்தாள். வெள்ளை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ம்மா, இங்க இருந்தது எங்க?"

அப்போதுதான் சொன்னாள். கேம் அது இல்லை, சும்மா கட்டத்தில் வண்ணம் நிரப்பும் பக்கம். பாவாடை பார்டருக்கு ரவாவை வரைந்திருக்கிறாள். வரிசையாக ரவா, ஒன்றின் பின் ஒன்று நடக்கிற மாதிரி. பூட்டுக்கு முன்னால் இருபது நாள். என் டிசைன் மென்பொருளைத் தொட்டால் நான் பார்த்துவிடுவேன் என்று இதில். வரைந்தது எங்கும் போய்ச் சேரவில்லை, இந்த பிரவுசரிலேயே கிடந்தது. அதைத்தான் பன்னிரண்டாம் தேதி டிக் அடித்துத் துடைத்திருக்கிறேன்.

"பேர் போட்டு சேமிச்சு வச்சிருக்கலாமேடி."

"பேரு, மெயில் எங்கியும் குடுக்கக்கூடாதுன்னு நீதானம்மா சொன்ன."

ஆமாம். நான்தான் சொன்னேன். சொன்னதைக் கேட்டதால் போயிற்று. அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. பையோடு போய்க் குப்புறப் படுத்துக்கொண்டாள். பாயசம் வேண்டாமாம். என் பங்கையும் மூடிவைத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்து, தப்பு என்மேல்தான், துடைக்கும் முன் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்றேன். முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு தலையணைக்குள்ளிருந்து: "காது நல்லா வந்திருந்தது. அந்த மாதிரி மறுபடி வராது."

ஆகஸ்ட் 23, சனி

சந்தோஷம். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

பள்ளி லீவு. காலையில் யாழினியை என் கணக்கில், என் மென்பொருள் முன் உட்காரவைத்தேன். ரவாவையும் பிஸ்கட் கொடுத்து எதிரே உட்காரவைத்தேன். வரைகிறாள், அழிக்கிறாள். ஆடு மாதிரி வருகிறது. பிறகு பன்றி. "வேணாம்மா, மாங்கா போட்டுடு பார்டருக்கு" என்றாள். ரவா பிஸ்கட் தீர்ந்ததும் எழுந்து போய்விட்டது.

வாசலில் மதி ஸ்கிப்பிங்.

"மூணு விடு, ரெண்டு கறுப்பு, ஆறு விடு, திருப்பு!"

அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. அந்தப் பக்கம் யாழினியும் நின்றுவிட்டாள், சுட்டி தட்டும் சத்தம் இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடி நிலைப்படியில் இடித்துக்கொண்டோம்.

"மதி! இன்னாடி பாடற?"

"ரவா பாட்டு. அக்கா தினம் சத்தமா சொல்லிகினே வரையும் இல்ல, அதான். நான் காது வரைக்கும் தாண்டுவேன், அவுட்டே ஆவமாட்டேன்."

இருபது நாள் அவள் கட்டம் கட்டமாக வாய்விட்டு எண்ணியதை இவள் பாட்டாக்கி வைத்திருக்கிறாள்! நான் தலைவலி என்று மாடிக்கு விரட்டிய பாட்டு!

உள்ளே இழுத்து வந்தோம். உட்காரவைத்தால் வரவில்லை, கால் குதித்தால்தான் வாயில் வருகிறது. கட்டிலை நகர்த்தி நடு அறையில் குதிக்கவிட்டோம். மதி குதிக்க, யாழினி கட்டம் நிரப்ப, "திருப்பு" வந்ததும் நான் "நில்லு!" என்று கத்த, அடுத்த வரி. இவர் கதவில் சாய்ந்து நின்று பார்த்தார். ஒரு இடத்தில் மதிக்கு மறந்தது. "நாலு கறுப்பு, ஒண்ணு விடு" என்று இவர் எடுத்துக் கொடுத்தார். தறியில் இருந்துகொண்டு கேட்டுக்கேட்டு இவருக்கும் பாதி பாடமாம். ஏதோ பள்ளிக்கூடப் பாட்டு என்று நினைத்தாராம்.

பாதம். கால். வயிறு. கழுத்து. மூக்கு.

காது வந்தபோது யாழினி சுட்டியை விட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா என்று பார்த்தால் சிரிப்பு. "இதேதாம்மா. இதே காதுதான்."

நான்தான் அழுதேன். வெங்காயம் என்று சொல்ல கையில் வெங்காயம்கூட இல்லை.

வால் மட்டும் யாரிடமும் இல்லை, அது வரையவே படவில்லையே. நான் தொழில்காரி மாதிரி, பார்டர் அகலத்தில் தூக்கிய வால் அடங்காது, கீழே மடக்கு என்றேன். முடியாதாம், ரவா வாலை மடக்கியதே இல்லையாம். மதியும் அக்கா கட்சி. இவரும். கடைசியில் பார்டருக்கு மேலே வால் மட்டும் பாவாடையின் மஞ்சளுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. இதுவரை நான் யாருக்கும் போட்டுக்கொடுக்காத பார்டர்.

பென் டிரைவ் ரெடி. கூடவே இன்னொரு பிரதி, இன்னொன்று என் போனில்.

கட்டம் வரையும் பக்கத்தைத் திறந்தவை பட்டியலில் சேர்த்தேன். யாழினியின் நிபந்தனை ஒன்று: இனிமேல் நான் எதையாவது துடைக்கவேண்டும் என்றால் அவளிடம் மனுப் போட வேண்டும். ஒத்துக்கொண்டேன். பூட்டு இருக்கும். சாவியைப் பற்றி இனி உட்கார்ந்து பேசுவோம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெயில், நல்ல காற்று. தறி காலையிலேயே ஏறிவிட்டது. குறுக்கே ஓடும் ஊடைக்குப் பழைய காப்பிப்பொடி நிற நூல் இருந்தது, ரவாவுக்கு அதே.

எங்கள் தறியில் துணியின் நல்ல பக்கம் கீழே. மேலே பார்த்தால் நூல் குப்பை மாதிரிதான். ஆகவே இருவரும் டார்ச்சோடு தறிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் ரவா. விரட்டவில்லை, இவர் எதிரிலேயே.

அங்கிருந்து செய்தி வந்துகொண்டே இருக்கிறது. "காலு வந்துட்சி!" "வயிறு!" "அப்பா, ஜல்தி!"

டிங். போனில் மனு. யாழினி காலையில் அமுக்கிவிட்டுப் போயிருக்கிறாள் போல, இப்போதுதான் வருகிறது. வாலில்லாத நாய் இனங்கள். எதற்கு என்று கேட்கப்போவதில்லை. சரி.

இட்லிக்கு மாவு எடுத்துவைக்க வேண்டும். சதுர்த்திக்கு வெல்லம், தேங்காய். தையல்காரருக்குச் சொல்ல வேண்டும். மதி அடியிலிருந்து கத்துகிறாள். இவர் தறிப்பலகை அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் துணி அதிர்கிறதாம்.

"ம்மா! ஓடி வா! வாலாட்டுதும்மா!"

நானும் படுத்துப் பார்க்கப் போகிறேன்.